இரண்டாம் பேட்டரி

பேட்டரிக்காரரின் அப்பா சாகும்போது அறுபது கடன் வைத்துவிட்டுப் போனார். அறுபதாயிரம் இல்லை, அறுநூறு இல்லை, வெறும் அறுபது. கடன் பட்ட இடம் படை. பட்ட காலம் போர்க்காலம். தர வேண்டிய ஆளுக்கு நெட்டை என்று பட்டப்பெயர். ஊரும் தெரியாது, சொந்தப் பெயரும் தெரியாது.

மூச்சு இழுத்துக்கொண்டிருந்த மனிதர், பதினாலு வயது மகனைக் கட்டிலுக்கு வலது பக்கம் வரச்சொன்னார். கடைசியாகப் பேசியது இதுதான்:

"பேட்டரியில என்கூட இருந்தான்டா, நெட்டைன்னு. அவனுக்கு அறுபது தரணும். என்னால முடியாமப் போச்சு. நீ குடுத்துடு."

"சரிப்பா" என்றான் மகன். அந்த ஒரு 'சரிப்பா'வைக் காப்பாற்ற ஐம்பத்தேழு வருஷம் ஆயிற்று.

அதற்காக ஐம்பத்தேழு வருஷமும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர் அவர். அப்பா போன பிறகு சைக்கிள் கடையில் வேலை இருந்தது, அச்சாபீஸில் வேலை இருந்தது. இரண்டுக்கும் போகவில்லை. கடைத்தெருக் கோடியில் இருந்த பேட்டரிக் கடைக்குள் நேராக நுழைந்து நெஞ்சை நிமிர்த்தினார்.

"எங்கப்பா படையில பேட்டரியில இருந்தவரு. எனக்கும் அந்த வேலைதான் வேணும்."

"அப்போ ரத்தத்துலயே ஆசிட் ஓடுதுன்னு சொல்லு" என்று முதலாளி சிரித்துக்கொண்டே சேர்த்துக்கொண்டார்.

ஆசிட் தெறித்துத் தெறித்துப் போட்ட கால்சட்டையெல்லாம் சல்லடை ஆயிற்று. ஈயத் தட்டு மாற்றவும், முனையில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியை வெந்நீர் ஊற்றிக் கழுவவும், கண்ணாடிக் குழாயில் ஆசிட்டை உறிஞ்சி மிதவை நிற்கிற இடத்தைப் பார்த்து 'இதுக்கு உயிர் இருக்கு, இதுக்கு இல்லை' என்று சொல்லவும் இரண்டே வருஷத்தில் கற்றுக்கொண்டார். மற்றவர்கள் ஐந்து வருஷம் எடுப்பார்கள். இருபத்தாறு வயதில் சொந்தக் கடை. இன்றைக்கு இரண்டு ஷட்டர், எட்டு ஆள், மூன்று வேன். யார் சிபாரிசும் இல்லை, யார் தயவும் இல்லை. பெரிய பட்டம் வாங்கிய ஆளாக இருந்தாலும், காலையில் வண்டி கிளம்பாவிட்டால் மூன்றாம் வகுப்புக்காரரின் வாசலுக்குத்தான் வந்தாக வேண்டும். வந்தார்கள். நின்றார்கள். இது வீண் பெருமை இல்லை. பில் புத்தகம் இருக்கிறது.

கடைக்கு மேல் பன்னிரண்டடிப் பலகை: 'படைவீரர் மகன் பேட்டரி நிலையம்'.

பெருமை பலகை அளவுக்கு இருந்தாலும் மனசுக்குள் இரண்டு முள் இருந்தது. ஒன்று, அம்மா எப்போதோ வாய் தவறிச் சொன்னது: "நீ பொறந்து மூணாம் நாளே உங்கப்பா மூட்டையைக் கட்டிட்டார்." தலைப்பிள்ளை முகத்தை மூன்று நாளைக்கு மேல் பார்த்திருக்கப் பொறுமை இல்லாத மனிதர். இன்னொன்று, கூப்பிட்டால் திரும்பமாட்டார். சின்ன வயதில் தெருவிலிருந்து "அப்பா, அப்பா" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தாலும் சில நாள் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பார். நம் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாத அப்பா என்று பிள்ளை மனசில் அப்படியே பதிந்துபோயிற்று.

போரைப் பற்றி அந்த மனிதர் வாய் திறந்ததே குறைவு. மகனுக்கு நினைவிருந்தது மூன்றே பேச்சு. "நான் ரெண்டாம் பேட்டரியில இருந்தேன்." "எங்க பேட்டரி ஒரு நாளும் சளைச்சதில்ல." "எங்க பேட்டரி வெடிச்சா மலையே ஆடும்."

மூன்றாவதை மகன் தொழில் சட்டமாகவே வைத்துக்கொண்டார். சார்ஜ் ஏறும்போது கிளம்பும் வாயுவில் பொறி பட்டால் பேட்டரி வெடிக்கும் என்பது எல்லாக் கடைக்கும் தெரிந்ததுதான். மலை ஆடும் என்று ஆட்களுக்குச் சொல்லிவைத்த கடை இது ஒன்றுதான். பீடியோடு உள்ளே வந்த லாரி டிரைவர்களை அவர் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறை. நாற்பத்தைந்து வருஷத்தில் ஒரு செல்கூட வெடிக்கவில்லை.

நெட்டையைத் தேடாமலும் இல்லை. படையின் வண்டிப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள் யார் கடைக்கு வந்தாலும், பில் போடுவதற்கு முன்னால், "உங்ககூட நெட்டைன்னு யாராச்சும் பேட்டரி வேலை பார்த்தாங்களா?" என்று கேட்பார். வருஷக்கணக்கில் மூன்று நெட்டைகள் அகப்பட்டார்கள். ஒருவர், "அறுபதா? அது நான்தான்" என்று உடனே கையை நீட்டினார். விசாரித்தால், அவர் பிறந்ததே போர் முடிந்து நாலு வருஷம் கழித்து.

எழுபது வயதில் கடையை மகன் பொறுப்பில் விட்டதும், இனி இதுதான் வேலை என்று ஒற்றைக்காலில் நின்றார். அப்பாவின் பெயரைப் போட்டுப் படை ஆவண அலுவலகத்துக்குக் கடிதம் எழுத மருமகளை உட்கார்த்திவைத்தார்.

"'ரெண்டாம் பேட்டரி'ன்னு எழுதினா போதுமா மாமா?"

"அப்படி மொட்டையா எழுதினா அவங்களுக்கு என்ன புரியும்? விளக்கமா எழுதும்மா. படை வண்டிகளுக்கு பேட்டரி சார்ஜ் போடுற ரெண்டாம் பிரிவுன்னு எழுது."

"தாத்தா அப்படியா சொன்னாரு?"

"தொழில் தெரிஞ்சவன் சொல்றேன். நீ எழுது."

பதில் வந்தது. இந்தப் பெயரில் அந்தப் பிரிவில் யாரும் பணிபுரியவில்லை. இன்னொரு கடிதம் போனது, இன்னும் விளக்கமாக. ஈயத் தட்டு, ஆசிட் எல்லாம் சேர்த்து. அதே பதில். மூன்றாவதுக்கும் அதே.

மூன்றாவது பதிலை மனைவியின் அண்ணன் கடை மேஜையிலிருந்து எடுத்துப் படித்தார். முப்பத்திரண்டு வருஷம் ஆபீஸில் பேனா பிடித்தவர். காகிதம் என்றால் அவருக்குக் கடவுள் வாக்கு.

"மாப்பிள்ளை, சீல் வச்ச காகிதம் பொய் சொல்லாது. உங்கப்பா படைக்குப் போனாரா, இல்ல எங்கயாச்சும் படுக்கப் போனாரா?"

எட்டு ஆளும் குனிந்து, ஏற்கெனவே துடைத்த பேட்டரியை மறுபடி துடைத்தார்கள்.

"மச்சான், நாக்கை அளந்து பேசுங்க."

"என்மேல ஏன் பாயறீங்க? காகிதம் சொல்லுது. பலகையில 'படைவீரர்'ங்கிறதை மட்டும் அழிச்சிடுங்க. 'மகன் பேட்டரி நிலையம்'. அதுவும் கேக்க நல்லாத்தான் இருக்கு."

"நானே நேர்ல போறேன். அங்கயும் இல்லைன்னு சொல்லிட்டா, யாரும் அழிக்க வேண்டாம். இந்தக் கையாலயே பலகையைக் கழட்டிப் போடுறேன்."

பலகை போனால் போகட்டும், நூறு பலகை எழுத அவரிடம் வசதி உண்டு. அப்பா படையிலேயே இல்லை என்றால் நெட்டையும் இல்லை, அறுபதும் இல்லை. சாகிற நேரத்தில் ஒரு மனிதர் பிள்ளையிடம் சொன்னது வெறும் உளறல் என்றாகிவிடும்.

ஆவண அலுவலகம் பஸ்ஸில் நாலு மணி நேரம். மனைவியும் கூட வந்தாள்.

"வாசல்ல மூணு வேன் நிக்குது. இப்படிக் குலுங்கிக்கிட்டுப் போகணுமா?"

"எங்கப்பா விஷயத்துக்குக் கடை டீசலா? என் காசுல போவோம்."

"கடையும் உங்க காசுதானே?"

"அது வேற கணக்கு. உனக்குப் புரியாது."

அலுவலகத்தில் நீண்ட நடை, இரண்டு பக்கமும் இரும்பு அலமாரி. கடைசி அறையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள், மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்தார். பழைய மூன்று கடிதங்களும் அவர் மேஜைமேல் இருந்தன.

"ஐயா, நீங்க எழுதினபடி வண்டிப் பட்டறைப் பதிவேட்டை மூணு தடவை புரட்டியாச்சு. உங்கப்பா அதுல இல்லை."

"இருப்பாரும்மா. சரியாப் பாருங்க. பேட்டரி வேலைன்னா முதல்ல டிஸ்டில்டு வாட்டர்..."

"உங்க விளக்கமெல்லாம் கொஞ்சம் இருக்கட்டும். உங்கப்பா வாயில வந்த வார்த்தை என்ன? அதை மட்டும் சொல்லுங்க."

கடைக்காரரை இடைமறித்துப் பேசிய ஆள் கடைத்தெருவிலேயே கிடையாது. ஆனாலும் அடங்கி, மூன்று பேச்சையும் சொன்னார். மூன்றாவதைக் கேட்டதும் அந்த அம்மாளின் பேனா நின்றது.

"மலையே ஆடும்னா சொன்னாரு?"

"ஆமா. ஒரு செல் வெடிச்சாலே போதும், சுத்தி நிக்கிறவன்..."

"ஐயா, நிறுத்துங்க. படையில பேட்டரின்னா நீங்க சார்ஜ் போடுறது இல்லை. பீரங்கி. ஆறு பீரங்கி, அதைச் சுடுற ஆளுங்க, எல்லாம் சேர்ந்தது ஒரு பேட்டரி. உங்கப்பா பீரங்கிப் படை ஐயா!"

பக்கத்தில் மனைவி கையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"அப்போ இத்தனை வருஷமா நீங்க ஆசிட்டுல கை விட்டது..."

"சும்மா இருடி."

"பீரங்கின்னு அப்பவே புரிஞ்சிருந்தா பீரங்கிக் கடை வச்சிருப்பீங்களா?"

அந்த அம்மாளும் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே எழுந்து போனார். ஒரு மணி நேரம் கழித்து, நாடா கட்டிய மெல்லிய கோப்பு ஒன்றோடு வந்தார். அட்டையில் அப்பாவின் பெயர். அந்த எழுத்தைப் படிக்கிற அளவுக்கு மூன்றாம் வகுப்பு போதும். விரலால் ஒருதரம் தடவிப் பார்த்தார்.

மற்றதை அந்த அம்மாள் படித்தார். "இரண்டாம் பேட்டரி. பீரங்கிக்குக் குண்டு ஏத்துறவர். நாலு வருஷம் ஏழு மாசம்." தாள் திருப்பினார். "இங்க ஒரு விடுப்பு விண்ணப்பம். மனைவிக்குப் பிரசவம்னு பன்னிரண்டு நாள் கேட்டிருக்கார். போர் நேரம் பாருங்க, இவர் திரும்பி வருவார்னு கூட இருக்கிற ஒருத்தர் ஜாமீன் நிக்கணும். ஒருத்தர் நின்னிருக்கார். உங்கப்பா மூணு நாள் தாமதமாத் திரும்பியிருக்கார். நாளுக்கு இருபது தண்டம். ஜாமீன்காரர் சம்பளத்துல அறுபது பிடிச்சிருக்காங்க."

"அறுபது" என்றார் கடைக்காரர். "எதுக்காகத் தாமதமாம்?"

"காரணமும் எழுதி வாங்கியிருக்காங்க. 'விடுப்பு முடிந்த நாளில்தான் குழந்தை பிறந்தது.' அவ்வளவுதான் இருக்கு."

தலைப்பிள்ளை. அது அவர்தான், வேறு யாரும் இல்லை. மூன்றாம் நாளே மூட்டையைக் கட்டியவர் என்று இவர் இத்தனை வருஷம் மனசுக்குள் திட்டிய மனிதர், முதல் நாளே மூட்டையைக் கட்டியிருக்க வேண்டியவர். கட்டவில்லை. தண்டத்துக்குத் துணிந்து மூன்று நாள் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

மனைவி இப்போது கேலி பேசவில்லை. அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த ஜாமீன்காரர் யாரும்மா?"

அந்த அம்மாள் ஒரு பெயரைப் படித்தார். கேள்விப்படாத பெயர். ஊர், மாவு மில் தெரு என்று விலாசம். "அங்க அடையாளம்: வலது புருவத்துல தழும்பு. உயரம் ஆறடி ரெண்டங்குலம்."

கடைக்காரர் மேஜையில் ஓங்கி அடித்தார். பேனாக் கூடு உருண்டு கீழே விழுந்தது.

"நெட்டை!"

வராந்தாவில் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

கோப்பை மூடுவதற்கு முன் கடைசித் தாளையும் அந்த அம்மாள் படித்தார். படையிலிருந்து அனுப்பும்போது எழுதிய மருத்துவக் குறிப்பு. பீரங்கிச் சத்தத்தால் இடது காது முற்றிலும் கேளாது. வலது காது பாதி கேட்கும்.

அவருக்கு வீட்டு வாசல் கண்முன் வந்தது. அப்பா உட்காரும் மர நாற்காலி எப்போதும் சுவரை ஒட்டி, வலது பக்கம் சுவர், இடது பக்கம் தெரு. பிள்ளை ஓடிவருவது தெருவிலிருந்து. சாகும்போதுகூட, இந்தப் பக்கம் வாடா என்று வலது பக்கம்தானே கூப்பிட்டார்? யாரிடமும் சொல்லாமலே போய்விட்டாரே மனிதர். பெருமை பிடித்தவர். இவருடைய பெருமை எங்கிருந்து வந்தது என்று மனைவிக்கு இப்போது விளங்கியிருக்கும்.

சீல் வைத்த நகலை மச்சான் கையில் கொடுத்தபோது அவர் கண்ணாடியை மாட்டி, முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை படித்தார். சீலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சீல் அசல்தான் மாப்பிள்ளை."

அவர் வாயிலிருந்து மன்னிப்பு வருவதென்றால் அவ்வளவுதான் வரும். ஆனால் அன்றைக்குப் போகும்போது வாசலில் நின்று பலகையை அண்ணாந்து பார்த்து, அதன்மேல் தொங்கிய ஒட்டடையைக் குடைக் கம்பியால் தட்டிவிட்டுப் போனார்.

"பலகையில 'பேட்டரி'யை மாத்தணுமாப்பா?" என்று மகன் கேட்டான்.

"எதுக்கு? அவர் பேட்டரியும் இருக்கு, என் பேட்டரியும் இருக்கு. ஒரே எழுத்துல ரெண்டு வேலை முடிஞ்சுது. பெயிண்ட் செலவு மிச்சம்."

அடுத்த வாரம் மாவு மில் தெரு. மில் மூடி வெகுகாலம் ஆகியிருந்தது. பெயர் மட்டும் தெருவுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. "படையில இருந்த நெட்டை வீடு" என்று மூன்றாவது ஆளிடம் கேட்டதுமே, "அவர் போய் ரொம்ப நாளாச்சுங்க. மகள் இருக்காங்க. அதோ, தையல் சத்தம் கேக்குதே, அந்தக் கடை" என்று கை காட்டினார்கள்.

பள்ளிப் பைகளும் பஸ் இருக்கை உறைகளும் தைக்கிற கடை. பாதி இறக்கியிருந்த ஷட்டருக்குக் கீழே தலையைக் குனிந்து ஓர் அம்மாள் வெளியே வந்தார். எழுபதை நெருங்கிய வயது. நிமிர்ந்தார், நிமிர்ந்தார், நிமிர்ந்துகொண்டே இருந்தார். கடைக்காரர் கழுத்தைத் தூக்கிப் பார்க்க வேண்டியிருந்தது.

"விலாசமே வேண்டாம்போல" என்று மனைவி அவர் காதில் முணுமுணுத்தாள்.

உள்ளே உட்காரவைத்து, நகலை மேஜையில் விரித்து, வந்த விஷயத்தைச் சொன்னார். சொல்லி முடித்ததும் பையிலிருந்து நோட்டுக் கட்டை எடுத்து வைத்தார். அறுபதாயிரம், பேங்க் பட்டி பிரிக்காதது. இந்தக் காட்சியைத்தான் பஸ் முழுக்க மனசுக்குள் நடத்திப் பார்த்துக்கொண்டு வந்திருந்தார்.

"வச்சுக்கங்க தங்கச்சி. அறுபது அந்தக் காலத்துக்கு. இது என் காலத்துக்கு. ஆசிட்ல கை விட்டு நானே சம்பாதிச்சது."

அந்த அம்மாள் கட்டைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ அந்தப் பிள்ளை நீங்கதானாண்ணே?"

"எந்தப் பிள்ளை?"

"எங்கப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. சம்பளம் வாங்கிட்டு வந்து எங்கம்மாகிட்ட, 'அறுபது குறையுது, கேக்காதே'ன்னாராம். அம்மா ஒரு மாசம் பேசலையாம். 'அடியே, என் அறுபதுல ஒரு பிள்ளை மூணு நாள் அப்பன் மடியில கிடந்துச்சு, அதுக்கு மேல என்ன வேணும்'னுவாரு. அந்தப் பிள்ளை பொறந்து எப்படி இருக்கோ, படிச்சுதோ என்னவோன்னு கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டேதான் இருந்தாரு."

கடைக்காரர் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். படித்தார் என்று சொல்ல முடியாது. மூன்று வேன் இருக்கிறது என்று சொல்லலாம். அதுவும் வாயில் வரவில்லை.

"கல்யாணமாகி நாப்பத்தாறு வருஷத்துல இன்னிக்குத்தான் இவருக்குப் பேச்சு நின்னிருக்கு" என்றாள் மனைவி. "உங்கப்பாவுக்குத்தான் புண்ணியம்."

அந்த அம்மாள் கட்டை ஒற்றை விரலால் அவர் பக்கம் தள்ளினார்.

"இது வேண்டாம்ண்ணே. எங்கப்பா கணக்கு அறுபது. கூட வாங்கினா அவர் பண்ணினதுக்கு வட்டி வாங்கின மாதிரி ஆயிடும். அறுபதைக் குடுங்க. சந்தோஷமா வாங்கிக்கறேன்."

"தங்கச்சி, நான் யாருன்னு தெரியாமப் பேசறீங்க. என் கடையில ஒரு நாளைக்கு..."

"நீங்க யாருன்னு தெரிஞ்சுதான் பேசறேன். மூணு நாள் பிள்ளை."

அதற்கு மேல் அவர் வாதாடவில்லை. சட்டைப் பையில் கை விட்டார். பெரிய தாள். இன்னொரு பையில் விட்டார். அதுவும் பெரிய தாள். கால்சட்டைப் பையில் பஸ் டிக்கெட். இத்தனை வருஷம் தேடி வந்த இடத்தில், இவ்வளவு பெரிய கடைக்காரரிடம் அறுபது இல்லை.

மனைவி தன் பர்ஸைத் திறந்தாள். மூன்று இருபது தாள்களை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"வீட்டுக்குப் போனதும் எனக்குத் திருப்பித் தரணும். நான் ஐம்பத்தேழு வருஷமெல்லாம் காத்திருக்க மாட்டேன்."

அந்த அம்மாள் வலது கையை நீட்டினார். நெட்டையின் கையும் இப்படித்தான் நீளமாக இருந்திருக்க வேண்டும். ஊசி குத்திக் குத்தி விரல் நுனி காய்த்திருந்தது. உள்ளங்கை நன்றாக விரிந்திருந்தது. லட்சக்கணக்கில் எண்ணிப் பழகிய கடைக்காரரின் விரல், மூன்று தாளை ஒவ்வொன்றாகப் பிரித்தது. எச்சில் தொட்டுக்கொள்ளவில்லை. முதல் தாளை வைத்து ஒருமுறை நீவிவிட்டார்.

"ஒரு நாள்" என்றார்.

இரண்டாவதை அதன்மேல் வைத்தார்.

"ரெண்டு நாள்."

மூன்றாவதைச் சற்று நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு அதையும் வைத்தார்.

"மூணு நாள்."